வீட்டுக்குள் போகுமுன் கேட்டடியில் நில்லுங்கள்: கொழும்பில் வாகனப் பாதை பார்த்து வீடு வாங்குவது எப்படி

கொழும்பில் வீடு தேடி அலைந்த எட்டு மாதத்தில் நான் ஆகக்கூடக் கேட்ட வசனம் "வாகனம் வாசல் வரைக்கும் வரும்" என்பதுதான். விளம்பரத்தில் இருக்கும், புரோக்கர் போனில் சொல்வார், வீட்டுக்காரரும் சொல்வார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. தெஹிவளையில், உள் லேன் ஒன்றில், முற்றத்தில் பலாமரம் நின்ற ஒரு வீட்டைப் பார்க்கப் போன அன்று உண்மையிலேயே வாகனம் வாசல் வரைக்கும் வந்தது. வந்தது புரோக்கர் ஏறி வந்த ஓட்டோ.

எங்கள் அக்வா கார் லேனின் இரண்டாவது வளைவிலேயே நின்றுவிட்டது. மனைவி இறங்கி இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடித்தாள், நான் முன்னுக்கும் பின்னுக்குமாக நாலைந்து தடவை ஆட்டிப் பார்த்தேன், கடைசியில் மாமா இறங்கி அந்த மூலை மதிலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முழங்கால் உயரத்தில் மதிலில் நீள நீளமாகக் கோடுகள். வெள்ளை, சில்வர், ஒரு சிவப்பு, அதற்கு மேல் கறுப்பு. ஒவ்வொரு கோடும் ஒரு காரின் பெயின்ற். "தம்பி, இதில எழுதியிருக்கிறதை வாசிச்சுப் போட்டு உள்ளுக்குப் போவம்" என்றார்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் வரவேற்பறை, குசினி, மாபிள் எல்லாம் கடைசிதான். முதலில் ரோட்டிலிருந்து கேட், கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம். டிரைவ்வே என்று பெரிய வார்த்தையில் சொல்லும் அந்தத் துண்டு நிலம் கொழும்பில் பல நேரம் பத்தடி கூட இருக்காது. ஆனாலும் வீட்டின் மற்ற எந்தக் குறையையும் காசு கொடுத்துத் திருத்திவிடலாம், ரோட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் இருக்கும் குறை பெரும்பாலும் உங்கள் காணியிலேயே இருக்காது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதல் வேலை: டேப்பும் கொப்பியும்

ஐந்து மீற்றர் இரும்பு டேப் ஒன்று போதும். கண் மதிப்பை நம்பாதீர்கள், வெறுமையாக இருக்கும் கராஜ் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். அளக்க வேண்டியவை: லேனின் ஆக ஒடுக்கமான இடம் (அது பெரும்பாலும் லைட் போஸ்ட் நிற்கும் இடமாக இருக்கும்), கேட்டின் திறந்த அகலம், உள்ளே மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடைப்பட்ட அகலம், கேட்டிலிருந்து வீட்டின் முன்படி வரையான நீளம்.

இப்போது காரின் கணக்கு. அக்வாவின் அகலம் 1,695 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேலே. வேகன் ஆர் 1,475, ஐந்தடியும் இல்லை. வெசல் 1,770. இது எல்லாம் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு. கண்ணாடியை விரித்தால் அக்வாவே ஆறடியைத் தாண்டி ஆறரையை நெருங்கும். அப்படியென்றால் எட்டடிக் கேட்டில் பக்கத்துக்கு முக்கால் அடிதான் மிச்சம். நேராக வந்து நேராக நுழைவதாக இருந்தால் அது போதும். பத்தடி லேனிலிருந்து தொண்ணூறு பாகை திரும்பி நுழைவதாக இருந்தால் போதாது. லேன் ஒடுங்க ஒடுங்கக் கேட் அகல வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பத்தடி லேனுக்குப் பன்னிரண்டு அடிக் கேட்டும், மூலைகள் சரிவாக வெட்டிய மதிலும் இருந்தால் தினமும் சண்டை பிடிக்காமல் வீட்டுக்குள் போகலாம்.

உள்ளே நுழைந்த பிறகு கதவு திறக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார் ஐந்தரை அடி, ஒரு பக்கக் கதவு திறந்து ஆள் இறங்க இரண்டடியாவது, மற்றப் பக்கமும் அப்படியே என்றால் பத்தடி இருந்தால்தான் வயதானவர் ஒருவர் சாரமோ சேலையோ மதிலில் உரசாமல் இறங்குவார். எட்டடி அகலப் பாதையில் ஓட்டுநர் மட்டும் எப்படியோ இறங்குவார், மற்ற எல்லாரும் ரோட்டிலேயே இறங்கி மழையில் நடந்து வர வேண்டும்.

நீளத்துக்கு வந்தால், அக்வா சுமார் 13 அடி. வேன் வைத்திருக்கிறவர்களுக்கு, சாதாரண கேடிஎச் ஒன்று பதினைந்தரை அடி. கேட் உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அந்தக் கதவு சுழலும் இடத்தையும் கழிக்க வேண்டும். பத்தடிக் கேட்டின் ஒரு பக்கக் கதவு ஐந்தடி, ஆக 18 அடி முற்றம் என்று சொல்லிக் காட்டியதில் கார் நிற்க 13 அடிதான் உண்மையில் இருக்கும். வெளிப்பக்கம் ரோட்டில் திறக்கிற கேட் என்றால் அதைக் குறைபாடாகவே எழுதிக் கொள்ளுங்கள், பொது வழியில் கேட் திறக்கக்கூடாது, ஒருநாள் யாராவது முறைப்பாடு கொடுப்பார்கள். சிலைடிங் கேட் நல்லது, ஆனால் அது சறுக்கிப் போய் ஒதுங்க மதில் நீளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. உங்களிடம் இன்று இருக்கும் காரை வைத்து மட்டும் அளக்காதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனிப்பட்ட கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வேகன் ஆரோடு காலம் தள்ளியவர்கள் பலர் இப்போது உயரமான, அகலமான வண்டிக்கு மாறுகிறார்கள். வீடு முப்பது வருடம் இருக்கப் போகிறது, கார் அப்படியில்லை.

இரண்டாவது வேலை: காரை நீங்களே ஏற்றுங்கள்

புரோக்கர் "பிரச்சினை இல்லை அண்ணை, எல்லாரும் ஏத்துறவை" என்பார். சரி, நாங்களும் ஏற்றிப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். உங்கள் காரை, நீங்களே, ஒருதரம் முன்னுக்கும் ஒருதரம் ரிவேர்சிலும். வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவார்கள் என்றால் நன்றாக ஓட்டாதவரிடம் ஸ்டீரிங்கைக் கொடுங்கள், வீடு அவருக்கும்தான்.

காலி வீதிக்கு அண்டிய லேன் என்றால் காலை ஏழரைக்குப் போங்கள். ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தையில் எந்த வீடும் நல்ல வீடுதான். பள்ளிக்கூட நேரத்தில் ரிவேர்சில் வெளியே வந்து பாருங்கள், அப்போது தெரியும். காரை உள்ளேயே திருப்பி முன்பக்கமாக வெளியே வரக்கூடிய முற்றம் இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும் என்பது என் கருத்து. இரவு ஏழு மணிக்குப் பிறகும் ஒருக்கா போங்கள், பகலில் காலியாக இருந்த லேனில் எதிர்வீட்டுக்காரர் தன் காரை எங்கே நிறுத்துகிறார் என்று அப்போதுதான் தெரியும்.

ஏற்றத்தைக் கவனியுங்கள். ரோட்டைவிட முற்றம் ஒரு அடி உயரம் என்றால் அந்த ஏற்றத்துக்கு எட்டடி நீளமாவது வேண்டும். போனில் லெவல் பார்க்கும் செயலி இருக்கிறது, போனைச் சரிவில் படுக்க வைத்தால் பாகை காட்டும். ஏழு பாகை வரை பிரச்சினையில்லை, பத்தை நெருங்கினால் அக்வா, பிரியஸ் போன்ற தாழ்ந்த கார்களுக்குச் சிக்கல். சரிவு மட்டுமல்ல, சரிவு தொடங்கும் இடமும் முடியும் இடமும் சட்டென்று மடிந்தாற்போல் இருந்தால் முன் பம்பர் தட்டும். இதைக் கண்டுபிடிக்கக் காரே தேவையில்லை. ரோட்டோரம் குந்தி இருந்து பாருங்கள், சீமெந்தில் வெள்ளையாகச் சுரண்டிய கோடுகள் இருந்தால் அங்கே தினமும் ஒரு பம்பர் அடிபட்டிருக்கிறது.

கேட்டுக்கு முன்னால் கான் ஓடும் அல்லவா, அதற்கு மேல் போட்ட சிலாப்பையும் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா, கார் ஏறும்போது ஆடுகிறதா, கம்பி வெளியே தெரிகிறதா. தண்ணீர் மீட்டர் பெட்டி சில்லுப் போகும் பாதையில் இருந்தால் அதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது

கொழும்பில் வருடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு மில்லிமீற்றர் அளவில் மழை. மே மாதத்தில் ஒரு பெருக்கு, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழையாக இன்னொரு பெருக்கு. வீடு பார்க்க நல்ல நேரம் மழை விட்டு அரை மணித்தியாலம்.

பழைய வீடுகளில் ஒரு பொதுவான கதை இருக்கிறது. கட்டும்போது வீடு ரோட்டைவிட உயரமாகத்தான் இருந்திருக்கும். பிறகு ரோட்டுக்கு ஒருதரம் தார் போடுவார்கள், சில வருடத்தில் அதற்கு மேல் காபெட், பிறகு இன்னொன்று. ரோடு ஏறிக்கொண்டே வரும், வீடு அங்கேயே இருக்கும். இப்போது முற்றம் ரோட்டைவிட அரை அடி தாழ்வு, ரோட்டு மழைத் தண்ணீருக்கு உங்கள் வாகனப் பாதைதான் வாய்க்கால். இதற்குக் கேட்டடியில் குறுக்காகக் கிரில் போட்ட கான் ஒன்று வெட்டலாம், ஆனால் அதிலிருந்து தண்ணீர் போக வெளியே தாழ்வான இடம் வேண்டுமே. அது இல்லாவிட்டால் பம்ப் வைத்து இறைப்பதுதான்.

மழை இல்லாத நாளில் போனால் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கிக் கேட்டடியில் ஊற்றுங்கள். வீட்டுக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். தண்ணீர் வீட்டுப் பக்கம் ஓடினால் ஏன் என்று கேளுங்கள். அப்புறம் கேட்டின் அடிப்பகுதி. இரும்புக் கேட்டில் துரு எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, மதிலில் பாசிக் கோடு எங்கே நிற்கிறது, பெயின்ற் கீழே மட்டும் புதிதாக அடித்திருக்கிறார்களா. களனி கங்கை பெருகிய 2016 மே மாதத்தில் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கத்தில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் ஏறியது. அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் "2016இல எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்டால் கையால் இடுப்பையோ நெஞ்சையோ தொட்டுக் காட்டுவார். அந்த உயரத்தை உங்கள் கார் நிற்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

நான்காவது, இதுதான் பெரிய வேலை: பாதை யாருடையது

பலாமர வீட்டை நாங்கள் கைவிட்டதற்கு மூலை மதில் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் காணி உறுதியில் (பத்திரத்தில்) இருந்தது. கேட்டுக்கு முன்னால் இருந்த நாற்பதடி நீளப் பாதை முன்வீட்டுக்காரரின் காணி. "அவை ஒண்டும் சொல்ல மாட்டினம், எங்கட சொந்தக்காரர்" என்றார் விற்கிறவர். அவருக்குச் சொந்தக்காரர், எனக்கு?

வாகனப் பாதை மூன்று விதமாக இருக்கும். ஒன்று, மாநகர சபையின் பொது வீதியிலிருந்து நேராக உங்கள் கேட். இது ஆக நல்லது. இரண்டு, பாதையும் உங்கள் காணிக்குள்ளேயே வருவது, பின்காணிகளில் வால் போல நீண்டு ரோட்டைத் தொடும். இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரு பேர்ச் 272 சதுர அடி. பத்தடி அகலம் ஐம்பதடி நீளப் பாதை 500 சதுர அடி, கிட்டத்தட்ட 1.8 பேர்ச். பத்துப் பேர்ச் என்று சொல்லி விற்கும் காணியில் இந்த வாலும் சேர்ந்திருந்தால் வீடும் முற்றமும் இருப்பது எட்டுப் பேர்ச்சில்தான். பேர்ச்சுக்கு இவ்வளவு என்று விலை பேசும் ஊரில் வாலுக்கும் நெஞ்சுக்கும் ஒரே விலை கொடுக்கிறோமா என்று யோசியுங்கள். ஆனால் சொந்தப் பாதை என்பதால் நாளைக்கு யாரும் மறிக்க முடியாது, அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

மூன்றாவது வகைதான் சிக்கல்: மற்றவர் காணிக்கு மேலால் போகும் பாதை, அல்லது நாலைந்து வீட்டுக்குப் பொதுவான பாதை. இங்கே உறுதியின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். காணியின் நான்கு எல்லைகளைச் சொன்ன பிறகு, இன்ன லொட்டின் (பிளானில் இலக்கமிட்ட காணித் துண்டின்) மேலான பாதை உரிமையும் சேர்த்து என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சேவையர் பிளானில் அந்த லொட்டும் அதன் அகலமும் இருக்க வேண்டும். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு போய் நிலத்தில் அளந்து பாருங்கள், பிளானில் பத்தடி, நிலத்தில் எட்டரை என்றால் யாரோ மதிலைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் காணி விடயங்களுக்கு ரோமன்-டச்சுச் சட்டம்தான் அடிப்படை. அதில் நடந்து போகும் உரிமை வேறு, வாகனம் ஓட்டிப் போகும் உரிமை வேறு. "நடைபாதை" என்று எழுதிய உறுதியை வைத்துக்கொண்டு கார் ஏற்றினால் முன்வீட்டுக்காரர் ஒருநாள் நடுவில் பூச்சாடி வைக்கலாம். "நாங்கள் முப்பது வருடமாக இதால போறம்" என்பார்கள், உண்மை, பத்து வருடம் தடையில்லாமல் பாவித்தால் உரிமை வரும் என்று 1871ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, ஆனால் மற்றவர் மறுத்தால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். புது வீட்டுக்குப் போன கையோடு வழக்குக்கும் போக யாருக்கு ஆசை? பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாள் கடிதத்துக்கும் மயங்காதீர்கள். காணி மீதான உரிமை எதுவும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும், 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அதுதான். அவர் உண்மையிலேயே நல்ல மனிதர் என்றால் உங்கள் லோயர் எழுதித் தரும் உறுதியில் கையெழுத்து வைக்கட்டும், நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.

இதோடு இன்னொரு கடதாசி: உள்ளூராட்சி சபை தரும் வீதிக் கோட்டுச் சான்றிதழ். ரோட்டை அகலிப்பதற்காக முன்பக்கம் கோடு கீறியிருக்கிறார்களா என்று அதில் தெரியும். உங்கள் கார் நிற்கும் பதினைந்தடியில் ஐந்தடி அந்தக் கோட்டுக்குள் போகிறது என்றால், இன்று கார் நிற்கும், நாளைக்கு நிற்காது. வங்கிக் கடன் எடுக்கிறவர்களிடம் வங்கியே கேட்கும், காசு கொடுத்து வாங்குகிறவர்கள்தான் இதைத் தவற விடுகிறார்கள். மேல்மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் பாதையின் அகலம் அங்கேயும் குறுக்கே வரும். எத்தனை மாடி, எத்தனை வீடு கட்டலாம் என்பதை நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் பாதை அகலத்தோடு கட்டித்தான் வைத்திருக்கின்றன.

தொடர்மாடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி: பார்க்கிங் இலக்கம் உங்கள் உறுதியில் இருக்கிறதா, அல்லது "நிறுத்திக்கொள்ளலாம்" என்ற வாய்ப்பேச்சா என்று பாருங்கள், பிறகு கீழ்த்தளச் சரிவில் தூணைச் சுற்றி உங்கள் காரை ஒருதரம் ஓட்டிப் பாருங்கள்.

ஐந்தாவது: உங்கள் காரைத் தவிர வேறு என்ன வரும்

மாமாவுக்கு ஒரு இரவு நெஞ்சு நோவு வந்தபோது நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் லேன் எட்டடி. அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது, ஆனால் லேன் முனையில் நின்றது. வீட்டிலிருந்து அதுவரைக்கும் மாமாவை ஸ்ட்ரெச்சரில் வைத்து உருட்டிக்கொண்டு போனோம், இருட்டில், காற்றில் விழுந்த தேங்காய் மட்டையை ஒருவர் காலால் தள்ளிக்கொண்டே முன்னால் போனார். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மாமா அன்றிலிருந்து ரோட்டைத்தான் முதலில் பார்ப்பார்.

மற்றவை சாதாரணம்தான். சாமான் ஏற்றி வரும் பட்டா லொறி, மலக்குழி எடுக்கும் பவுசர் (அதன் குழாய் எட்டும் தூரத்தைக் கேட்டு வையுங்கள்), திருத்த வேலைக்கு மண்ணும் சல்லியும் கொண்டுவரும் டிப்பர். டிப்பர் வராவிட்டால் சாமான் லேன் முனையில் கொட்டப்படும், அங்கிருந்து தள்ளுவண்டியில் ஏற்றி இறக்க ஆள் கூலி தனி. பெரிய திருத்த வேலை உள்ள பழைய வீடு என்றால் இதை விலையிலேயே கழியுங்கள். அப்புறம் தீபாவளிக்கோ கலியாணத்துக்கோ யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சனம் வந்தால் அந்த வேன் எங்கே நிற்கும் என்பதையும் சும்மா ஒருக்கா யோசித்து வையுங்கள்.

தளத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள்

விற்கிறவர்கள் ஆக அதிகம் பெருமைப்படுவது இதைத்தான், புது இன்டர்லொக் கல் போட்டிருக்கிறோம் என்று. மாற்றக்கூடிய ஒன்று என்பதால் எனக்கு இது கடைசி. சில்லு ஓடும் இரண்டு தடத்திலும் கல் பதிந்திருந்தால் கீழே அடித்தளம் சரியாக இறுக்கவில்லை. கார் ஓடும் இடத்துக்கு 60 மில்லிமீற்றர் கல் சமாளிக்கும், லொறி வருவதாக இருந்தால் 80 வேண்டும். நிழலில் இருக்கும் சீமெந்துச் சரிவில் மழைக்காலத்தில் பாசி வழுக்கும். மாமரமோ பலாவோ பக்கத்தில் நின்று தளம் மேலெழும்பி இருந்தால் வேர். அவ்வளவுதான். முற்றம் முழுக்கச் சீமெந்து பூசிய வீட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தோசம் வராது, வெயிலுக்குச் சூடு, மழைக்குத் தண்ணீர் இறங்க இடமில்லை.

கடைசியாக, விலை

கொப்பியில் எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். காசு கொடுத்தால் தீரும் குறைகள் ஒரு பக்கம்: கேட், தளம், கான் சிலாப், ஏற்றத்தின் மடிப்பு, உங்கள் மதில் மூலை. லைட் போஸ்ட் கூட விண்ணப்பம் கொடுத்து செலவைக் கட்டினால் நகர்த்தலாம், நேரம் எடுக்கும். இவற்றுக்கு ஒரு மேசன் பாஸிடம் விலை கேட்டு அந்தத் தொகையை வைத்துப் பேரம் பேசுங்கள். "லேன் சின்னது, குறையுங்கோ" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள், "சிலாப்பும் கேட்டும் மாத்த இவ்வளவு" என்று தாளில் காட்டினால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

மற்றப் பக்கம் தீராத குறைகள்: லேன் அகலம், பக்கத்து மதில், ரோட்டு மட்டம், பாதை உரிமை. கார் வைத்திருக்கிறவர், இனி வைக்கப் போகிறவர் என்றால் இதில் ஒன்று பெரிதாக இருந்தாலே வேறு வீடு பாருங்கள், எவ்வளவு மலிவு என்றாலும். நீங்கள் விற்கும் நாளில் அதே குறையை அடுத்தவர் உங்களிடம் சொல்லுவார். கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை, பஸ்ஸும் ரயிலும் பக்கத்தில் என்றால் கதை வேறு, உறுதி சுத்தமாக இருக்கும் பட்சத்தில் வாகனம் போகாத வீடு நல்ல பேரமாகக் கூட அமையலாம்.

நாங்கள் கடைசியில் வாங்கியது களுபோவிலப் பக்கம். பலாமரம் இல்லை, குசினி சின்னது, இருபதடி ரோடு, பதினொரு அடிக் கேட். பலாமர வீட்டை ஒரு வாத்தியார் வாங்கினார் என்று பிறகு அந்தப் புரோக்கர் சொன்னார். முன்வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கதைத்து, பாதை உரிமையை உறுதியில் எழுதி வாங்கிவிட்டுத்தான் காசு கொடுத்தாராம். அவரிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். போன வைகாசியில் எங்களுக்கு ஒரு பலாப்பழம் கூட அனுப்பியிருந்தார், ஓட்டோவில்தான் வந்தது.